கயிற்றை அறுப்பதற்கு முன்

முப்பத்தாறு வயதில் பணி ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் அழகைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். மலாக்கா மாநிலத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் படப்பிரிவில் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டில் வட்டுகள் நசுங்கிவிட்டன என்று மருத்துவ வாரியம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை.

என் இடத்தில் இப்போது தினேஷ் என்ற தம்பி இருக்கிறான். போன மாதம் போன் செய்தான். சி.டி. அறைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். படம் திரையில் விழுந்த உடனே சந்தேகமான இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டிவிடுமாம். "ஆளப் படுக்க வச்சா போதும்ணே, மத்தத அதுவே சொல்லிடுது" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "நீங்க ஒருத்தரோட அர்ணாக்கயித்துக்காக எமர்ஜென்சிய நிறுத்தி வச்சீங்களாமே, நெசமா? இங்க எல்லாரும் அதச் சொல்லித்தான் சிரிப்பாங்க" என்றும் கேட்டான்.

சிரிக்கட்டும். ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிம்பாங் அம்பாட் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், வேதக்காரர் என்று சொல்வார்களே, அந்தக் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்பா குலை வெட்டுபவர். அம்மா களைக்கொல்லி அடிப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை முடித்தவன் நான்தான், அதற்கு மேல் கல்லூரிக்குப் போனவனும் நான்தான். டிப்ளோமா படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களை லத்தீனில் மனப்பாடம் செய்தேன், உணவகத்தில் தட்டுக் கழுவினேன், பாஸ் செய்தேன். உண்மையான படிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தொடங்கியது. எனக்கு மேலே இருந்தவர்கள் இருவர்.

ஒருவர் டாக்டர் செசிலியா. படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் நிபுணர். மலாக்கா பட்டணத்தில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்துவர். அவர் தமிழில் பாதி ஆங்கிலமாக இருக்கும். அல்ட்ராசவுண்ட் செய்யும்போது நோயாளி மேல் தடவும் அந்தக் குளிர்ந்த பசைப் புட்டியை முதலில் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். "ஜில்லுன்னு வச்சா வயிறு இறுகிடும் அந்தோணி, இறுகின வயித்துல ஒன்னும் தெரியாது" என்பார். இரக்கத்தால் செய்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரக்கமும் இருக்கலாம். ஆனால் முதலில் அவருக்கு வேண்டியது நல்ல படம்.

சிறுநீரகத்தில் கடுமையான தொற்று என்று வருபவர்களிடம் அவர் காட்டிய பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி என்று வருகிறவர்களில் பலர் மருந்திலேயே தேறிவிடுவார்கள். அவர்களுக்குப் படமே வேண்டாம். வார்டிலிருந்து படம் கேட்டு அனுப்புகிறார்கள் என்றால் மருந்துக்கு அது அடங்கவில்லை என்று பொருள். அப்போது படம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிறுநீர் இறங்கும் வழி அடைத்திருக்கிறதா? உள்ளே சீழோ காற்றோ சேர்ந்திருக்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் ஊசி மருந்து மட்டும் போதாது. குழாய் போட்டு வடிக்க வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டுபோய்விடும்.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார், மீன்பிடிப் படகுக்காரரின் மனைவி. நல்ல காய்ச்சல். வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. கர்ப்ப காலத்தில் அந்தப் பக்கம் சற்று வீங்குவது இயல்புதான், அதனால் வீக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குழந்தை இருப்பதால் சி.டி.யும் கூடாது. டாக்டர் செசிலியா கருவியைச் சிறுநீர்ப்பை மேல் வைத்தார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் நீர் சிறுநீர்ப்பைக்குள் பீய்ச்சி விழும்போது, திரையில் அது ஒரு வண்ணத் தீப்பொறி மாதிரி தெறிக்கும். இடது பக்கம் தெறித்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. கையை அசைக்காமல் காத்திருந்தார். இடது பக்கம் மறுபடி மறுபடி தெறித்தது. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில், "ரைட் சைட் அடைச்சிருக்கு. யூராலஜிக்கு போன் போடு" என்றார். அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். அவசர நோயாளி முன்னால் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததை யாரும் தாமதம் என்று எழுதவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பரமசிவம் சார், எங்கள் தலைமை எக்ஸ்ரேக்காரர். அவரை நான் கெட்டவராகக் காட்டப் போவதில்லை, அப்படிக் காட்டினால் அது பொய். தீபாவளிக்குப் பாதி ஆட்கள் விடுப்பில் போனால் அவர் தன் விடுப்பை விட்டுக்கொடுத்து இரண்டு அறைகளைத் தனியாக ஓட்டுவார். இஸ்திரி கலையாத சட்டை, ஒழுங்காகக் கத்தரித்த மீசை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல், கட்டுத்துணி வெட்டும் வளைந்த மூக்குக் கத்தரிக்கோல். கையில் கட்டிய கோயில் கயிறு, கழுத்தில் தொங்கும் சிலுவை, இடுப்பில் அரைஞாண், எது படத்தின் குறுக்கே வந்தாலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று அறுத்துவிடுவார். "எத்தன பிள்ளைங்க உங்களுக்கு?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் கயிறு தரையில் கிடக்கும். கேட்டால், "படம் முதல்ல, பேச்சு அப்புறம்" என்பார். தானும் இந்துதான், தன் அரைஞாணைத் தானே கழற்றி எறிந்தவன்தான், ஒன்றும் குடி முழுகவில்லை என்று சொல்லிக்கொள்வார்.

மஸ்ஜித் தானா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாதுகாவலர் வேலை பார்த்து ஓய்ந்தவர். சிறுநீரகத் தொற்று, கல் இருக்குமோ என்ற சந்தேகம். பரமசிவம் சார் வழக்கம்போல அவர் அரைஞாணை அறுத்தார். பெரியவர் வெறும் இடுப்பை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் தூக்குவார், படுக்கை நகர ஆரம்பித்ததும் மறுபடி இடுப்புக்குக் கொண்டுவந்துவிடுவார். உடம்பெல்லாம் நடுக்கம். படம் கலங்கியது. திரும்ப எடுத்தோம், அதுவும் கலங்கியது. கலங்கிய படத்திலேயே டாக்டர் செசிலியா கல் அடைத்திருப்பதைக் கண்டுபிடித்து வார்டுக்குப் போன் செய்தபோது, பெரியவருடைய கட்டில் காலியாக இருந்தது. சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். கொடுத்திருந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நம் சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அன்றைக்குத் தேநீர் நேரத்தில் பேசிக்கொண்டார்கள். நம் ஆட்களைப் பற்றி எதற்கெடுத்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர் விழிப்பாகத்தான் இருந்தார். அந்தக் கயிறு மனிதன் இடுப்பிலிருந்து எப்போது அறுக்கப்படும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உயிர் போய், குளிப்பாட்டி, எடுக்கிற நேரத்தில்தான் அறுப்பார்கள். உயிரோடு படுத்திருந்தவருக்கு நாங்கள் அதைச் செய்தோம்.

அதற்குப் பிறகுதான் மாரிமுத்து மாமா வந்தார்.

அவர் எனக்கு உறவு இல்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் இன்னொரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பெரிய உடம்பு, பல வருடங்களாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். இடது முதுகில் வலி என்றதும் வாய்வு பிடித்திருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டி, பூண்டைச் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார். மனைவி அஞ்சலை எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறார். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். லோரிக்காரனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். காய்ச்சல் ஏறி, பேச்சு குழறி, ரத்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

முதலில் அல்ட்ராசவுண்ட். டாக்டர் செசிலியா கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்துச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதற்குப் பின்னால் கலங்கல் நிழல். காற்று இருந்தால் அப்படித்தான் தெரியும். அது குடலுக்குள் இருக்கும் காற்று என்றால் பயப்பட ஒன்றுமில்லை, எல்லார் வயிற்றிலும் உண்டு. சிறுநீரகத்துக்குள்ளேயே காற்று என்றால் கிருமிகள் அதன் சதையைத் தின்று வாயு கிளப்புகின்றன என்று பொருள். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வரும், வந்தால் ஆள் தப்புவது கஷ்டம். எது என்று சி.டி.தான் சொல்ல வேண்டும். மாமாவின் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் சாய மருந்து ஏற்ற வேண்டாம், வெறும் படமே போதும் என்று டாக்டர் செசிலியா சொல்லி அனுப்பினார். காற்றைப் பார்க்கச் சாயம் தேவையில்லை.

சி.டி. படுக்கைக்கு அவரை இழுத்து மாற்றி, சட்டையைத் தூக்கினோம். இடுப்பில் கறுப்புக் கயிறு. அதில் கோத்துக் கட்டிய செப்புத் தாயத்துகள், மூன்றோ நான்கோ. எங்கே வலித்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இடது முதுகுப் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார். அதாவது, நாங்கள் பார்க்க வேண்டிய சிறுநீரகத்தின் மேலேயே. உடம்பு ஊதியதில் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. மேலே ஏறாது, கீழே இறங்காது. முடிச்சு நெருப்பில் காட்டி உருக்கிய முடிச்சு, நகத்துக்குக் கல் மாதிரி இருந்தது.

பரமசிவம் சார் கத்தரிக்கோலை எடுத்தார். "லோரி எந்தக் கம்பெனி?" என்று ஆரம்பித்தார். மாரிமுத்து மாமா கண்ணை மூடியபடியே சாரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்பது வருடம் லோரிச் சுக்கான் பிடித்த கை.

பிடியிலிருந்து கையை உருவிக்கொண்ட சார், அப்படியே எடு என்றார். எடுத்தேன். உலோகம் குறுக்கே இருந்தால் சி.டி. படத்தில் நட்சத்திரம் வெடித்த மாதிரி வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். இடது சிறுநீரகம் முழுக்க அந்தக் கோடுகள்தான். காற்றும் சி.டி.யில் கறுப்பாகத்தான் தெரியும். டாக்டர் செசிலியா பக்கத்து அறையிலிருந்து வந்து திரையைப் பார்த்தார்.

"இத நான் ரிப்போர்ட் பண்ண முடியாது" என்றார். "கறுப்பா இருக்கிறது காத்தா, தாயத்தோட கோடா? காத்துன்னு சொல்லி இல்லாத எடத்துல முதுகக் குத்தினா தப்பு. இல்லன்னு சொல்லி விட்டுட்டா நைட்டுக்குள்ள போயிடுவாரு. எனக்கு கிளீனா ஒரு படம் வேணும். அசையாத படம். எப்படின்னு நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க."

அந்த வீணான முதல் படத்துக்குச் செலவான நேரத்தை யாரும் எந்தக் காகிதத்திலும் தாமதம் என்று எழுதவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரமசிவம் சார் மயக்க ஊசி போட்டுவிட்டு அறுக்கலாம் என்றார். வார்டிலிருந்து கூட வந்திருந்த தாதி மிஸ்ஸி நோர் தலையை ஆட்டினார். ரத்த அழுத்தம் இருக்கும் நிலையில் தாங்க மாட்டார் என்று மலாயில் சொன்னார். அப்படியென்றால் நாலு பேரைக் கூப்பிடு, பிடித்துக்கொள்ளட்டும் என்றார் சார். நான் அவருக்கும் படுக்கைக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நகரு அந்தோணி."

"முடியாது சார்."

"நீ வேதக்காரன். எனக்கே இல்லாத அக்கற உனக்கு எதுக்குடா?"

"இவரப் புடிச்சி அமுக்கினா திமிறுவாரு சார். திமிறினா படம் கலங்கும். திரும்பவும் கோடுதான் பாப்போம். எனக்கு அதான் அக்கற."

என் மேலதிகாரியிடம் அதற்கு முன் நான் ஒரு முறைகூட முடியாது என்று சொன்னதில்லை. ஆனாலும் நகரவில்லை.

பிறகு மாரிமுத்து மாமாவின் காதருகே குனிந்தேன். என்னையும் கத்தரிக்கோல்காரன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னிடம் கத்தரிக்கோல் இல்லை என்று கைகளை விரித்துக் காட்டினேன். யாரப்பா நீ என்று கேட்டார். பேரைச் சொன்னேன்.

"வேதக்காரப் பையனா" என்றார். நாக்கு குழறினாலும் நக்கல் குழறவில்லை. "உனக்கு எங்க தெரியப்போவுது? இத அறுக்கறது பொணத்துக்கு. நான் இன்னும் சாவல லா."

"எங்கப்பா இடுப்புலயும் கெடக்கு மாமா. சிலுவ கோத்து" என்றேன். "கயிறு நைஞ்சி போச்சின்னா அவரு என்னா செய்வாரு தெரியுமா? புதுசக் கட்டிக்கிட்டுத்தான் பழச அறுப்பாரு. வெறும் இடுப்பா ஒரு நிமிசம் இருக்க மாட்டாரு."

மாமா யோசிக்கிறார் என்று தெரிந்தது. அவர் வீட்டிலும் அப்படித்தானே செய்வார்கள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கயிற்றை மாற்றலாம், வெறுமனே விடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். இதைப் பரமசிவம் சாரும் அறிவார். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"புதுசுக்கு இங்க எங்கடா போவ?" என்றார் மாமா.

கட்டுத்துணி நாடா கையருகே இருந்தது. வெள்ளை. அதைக் காட்டினால் பிணத்துக்குக் கட்டுகிற நிறம் என்பார் என்று தெரியும், காட்டவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டும் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது, கருநீலத்தில். அதைக் கழற்றி அட்டையையும் இரும்புக் கொக்கியையும் பிய்த்துப் போட்டேன். அவர் இடுப்புக்கு அது பாதிகூடக் காணாது. மிஸ்ஸி நோர் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "செப்பாட் சிக்கிட்" என்று மட்டும் சொன்னார், கொஞ்சம் சீக்கிரம் என்று. அதன் கொக்கியையும் பிய்த்துவிட்டு, இரண்டையும் விரித்து முடிச்சுப் போட்டேன்.

"கறுப்பா அது?" என்றார் மாமா.

"நீலம் மாமா. கண்ண மூடிக்கிட்டீங்கன்னா கறுப்பு."

உதட்டோரம் அசைந்தது. யார் கட்டுவது என்று கேட்டார். நான் கதவைத் திறந்து, வெளியே நின்றிருந்த அஞ்சலை அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். ஸ்கேன் அறைக்குள் குடும்பத்தார் வரக்கூடாது என்பது விதி. அந்த விதியை நான் தெரிந்தே மீறினேன். மறந்து மீறவில்லை.

அத்தை பட்டையை அவர் முதுகுக்கு அடியில் நுழைத்து எடுத்து முன்னால் முடிச்சுப் போட்டார், இறுக்கி இழுத்துப் பார்த்தார். "ஆச்சு, அறுக்கச் சொல்லுங்க" என்றார்.

"அந்த மீசக்காரன் வேணாம்" என்றார் மாமா. "குடு, நானே அறுக்கறேன்."

பரமசிவம் சார் இவ்வளவு நேரமும் சுவரோரம் நின்றிருந்தார். கத்தரிக்கோலின் கூர்ப்பக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பிடியை நீட்டினார். காய்ச்சலில் மாமாவின் விரல்களுக்குப் பலம் போதவில்லை. அத்தை தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினார். கயிறு அறுந்தது. தாயத்துகளை உருவி அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அத்தையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். எங்கள் இயந்திரத்தில் மூச்சைப் பிடி என்று பதிவு செய்த குரல் மலாயில்தான் வரும். அதை அணைத்துவிட்டு நானே ஒலிபெருக்கியில் சொன்னேன், மூச்ச இழுங்க மாமா, அப்படியே புடிங்க. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தவர், விடச் சொல்லும் வரை சிலையாகக் கிடந்தார்.

படம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. இடது சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே சின்னதும் பெரியதுமாகக் கறுப்புக் குமிழ்கள், அதன் அடிப்பக்கத்தில் சீழ் தேங்கிய ஒரு குளம். டாக்டர் செசிலியா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். "காத்துதான். கிட்னிக்குள்ளதான்" என்றார். குளம் எங்கே இருக்கிறது, தோலிலிருந்து எவ்வளவு ஆழம், குடல் எங்கே விலகியிருக்கிறது, எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. மாமாவைக் கவிழ்த்துப் படுக்க வைத்து, முதுகு வழியாக டாக்டரே குழாய் போட்டார். பையில் வந்து விழுந்த சீழில் குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த நாற்றத்தில் மிஸ்ஸி நோர் முகக்கவசத்துக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் அங்கேயே நின்று பார்த்தேன்.

மாமா பிழைத்தார். சுலபமாக இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார், இன்னொரு குழாய் போட வேண்டியிருந்தது, அந்தச் சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது. சாதாரண வார்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். நன்றி எதுவும் சொல்லவில்லை. "வாய்வுன்னு நான் வீட்டுலயே சொன்னேன். நீங்க இவ்ளோ பெரிய மெசின வச்சிக்கிட்டு அதத்தான கண்டுபுடிச்சீங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அதற்குள் என்மேல் புகார் எழுதப்பட்டிருந்தது. அவசர நோயாளியின் படத்தைத் தாமதப்படுத்தியது, வெளியாளைக் கதிர்வீச்சு அறைக்குள் விட்டது, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதது. எழுதியவர் பரமசிவம் சார். எழுதியது பொய்யும் இல்லை, மூன்றையும் நான் செய்தேன். நிர்வாக அறையில் அவரையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சொன்னால் முடித்துவிடலாம் என்றார்கள். டாக்டர் செசிலியா எனக்காகப் பேசினார், நல்ல படம் கிடைத்தது என்றார். நல்ல படம் கிடைத்ததால் விதி மீறல் இல்லை என்று ஆகிவிடாது என்றார் நிர்வாகி. அதுவும் சரிதான்.

பரமசிவம் சார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு இதே மாதிரி நீ பேசிக்கிட்டு நிக்கும்போதே ஒருத்தன் செத்தா?"

நியாயமான கேள்வி. அதை நினைத்து நான் இன்றும் தூக்கம் கெடுவதுண்டு. ஆனால் அன்றைக்கு என் வாயில் வந்ததைத்தான் இன்றைக்கும் சொல்வேன்.

"செத்தா நான் பதில் சொல்றேன் சார். என் பேர எழுதிக்கங்க. மஸ்ஜித் தானாக்காரர் கயித்த அறுத்தோமே, கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரே, அவருக்கு யாரு சார் பதில் சொல்றது? அவரு பேர எங்க எழுதினீங்க?"

இனி செய்ய மாட்டேன் என்ற வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. அடுத்த முறையும் இதையேதான் செய்வேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதன் பலன் கிடைத்தது. சி.டி. அறையிலிருந்து எடுத்து, வார்டு வார்டாக எக்ஸ்ரே வண்டியைத் தள்ளும் வேலைக்குப் போட்டார்கள். எழுந்து உட்கார முடியாதவர்களைத் தூக்கி, முதுகுக்கு அடியில் தகட்டைச் செருகி, எடுத்து, மறுபடி தூக்கி வெளியே இழுக்க வேண்டும். வருடக்கணக்கில் அதைச் செய்தேன். வட்டுகள் நசுங்கியது அதில்தான். இதற்காக என்னைப் பார்த்துப் பாவப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வண்டி தள்ளச் சொன்னார்கள், தள்ளினேன், ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் என்னிடமிருந்து வாங்க முடியவில்லை.

தினேஷுக்கும் மற்றத் தம்பிமார்களுக்கும் ஒன்று. உங்கள் மென்பொருள் சிவப்புக் கட்டம் போடட்டும், நல்லதுதான். கோடு விழுந்த படத்தைக் கொடுத்துப் பாருங்கள், அது எதைச் சுற்றிக் கட்டம் போடுகிறது என்று எனக்குச் சொல்லுங்கள். படுக்கையில் கிடப்பவர் அசையாமல் கிடக்க வேண்டுமானால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எந்தப் பெட்டியும் உங்களுக்காகக் கேட்டுத் தராது. பண்பாட்டைக் காப்பாற்றியவன் என்று என்னைப் புகழவும் வேண்டாம், செண்டிமெண்ட் பேர்வழி என்று சிரிக்கவும் வேண்டாம். எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது, அதை எடுத்தேன்.

வண்டி தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் சி.டி. அறை வாசலில் பரமசிவம் சார் என்னை நிறுத்தினார். எங்களுக்குள் அதிகம் பேச்சு இல்லாத காலம் அது. வரிசையில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கடையில் வாங்கிய புதுக் கறுப்புக் கயிறு ஒரு சுருள். சார் அதைக் கண்ணால் காட்டினார்.

"பாத்தியா? மூனு தோட்டத்துலேருந்து இப்படித்தான் வர்றானுங்க. ஸ்கேனுக்குன்னு சொன்னா கையோட கயிறு வாங்கிக்கிட்டு வந்துர்றானுங்க. உன் மாரிமுத்து போற எடமெல்லாம் சொல்லி வச்சிருக்கான். ஒவ்வொருத்தனும் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் கைய கட்டிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு."

"கட்டினதும் அசையாம படுக்கறாங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"படுக்கறானுங்க" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.